இக்லூலிக்குக்கு எத்தனை தூரம்

ஏப்ரல் 9, பாண்ட் இன்லெட்

வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். இங்கிருந்து இக்லூலிக் நேராகப் பறந்தால் நானூறு கிலோமீட்டர்தான். இந்த வட துருவப் பனிக்காட்டில் நேராகப் பறக்கும் விமானம்தான் கிடையாது. தெற்கே இக்காலுயிட்டுக்கு இறங்கி, அங்கே விமானம் மாறி, திரும்ப வடக்கே ஏற வேண்டும். கிட்டத்தட்ட இரண்டாயிரம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

அங்கே என் கணவன் ஜேப்பிட்டியின் சித்தப்பா மகள் லீட்டியா இருக்கிறாள். தன் நாலாவது பிள்ளையை எங்களுக்கு வளர்க்கத் தருவதாக, வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். பெண் பிறந்து இரண்டு மாதம். போன வருஷம் இறந்துபோன என் அக்கா ஊலீப்பாவின் பெயரை வைத்திருக்கிறாள். எங்கள் வழக்கத்தில், பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதானே.

"அண்ணி, உங்க அக்கா பாட்டில்ல குடிக்கப் பழகிட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நேற்று போனில் சிரித்தாள்.

ஏப்ரல் 11, இக்காலுயிட்

பாதி வழி வந்தாயிற்று. இனி காற்று ஓய வேண்டும்.

ஏப்ரல் 13

பனிப்புயல். ஓடுதளமே தெரியவில்லை. லீட்டியா இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. மனசு மாறிவிட்டதா? மாறினால்தான் என்ன சொல்ல முடியும் — பால் கொடுத்தவள் அவள்.

சாயங்காலம் ஊரிலிருந்து ஜேப்பிட்டி கூப்பிட்டான்.

"நான் பனிவண்டியில, ஸ்னோமொபைல்ல, கிளம்புறேன். உன் தம்பியும் வர்றான்."

"புயல்லயா? பைத்தியமா உனக்கு?"

"புயல் உன் பக்கம்தான். இங்க வெயில் அடிக்குது. நான் போய்க் குழந்தைகிட்ட உக்காந்திருக்கேன். நீ ராணி மாதிரி விமானத்துல வா."

ஏப்ரல் 15

அவர்களிடமிருந்து செய்தி இல்லை. இன்றும் விமானம் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. போகாதேன்னு கத்தியிருக்கணும். ஏன் கத்தல? ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்டு ரெண்டு பேரையும் பனியில தொலைச்சிட்டு நிக்கப் போறேனா?

ஏப்ரல் 16

போனில் லீட்டியாவின் எண். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அண்ணி! ரெண்டு பேரும் வந்துட்டாங்க. அண்ணன் மீசையில ரெண்டு பக்கமும் பனிக்கட்டி தொங்குது. வால்ரஸ் மாதிரி நிக்கிறாரு!"

சிரித்தேனா, அழுதேனா, தெரியாது. பிறகு கேட்டேன்: "நீ ஏன்டி போனை எடுக்கல?"



"எடுத்தா அழுதுடுவேன் அண்ணி. நான் அழுறதக் கேட்டா நீங்க அப்படியே திரும்பிப் போயிடுவீங்க. குடுக்கணும்னுதான் இருக்கேன். அழுகையும் வருது. ரெண்டும் நிஜம்தான்."

ஏப்ரல் 18, இக்லூலிக்

காற்று ஓய்ந்தது. வந்து சேர்ந்தேன்.

லீட்டியா, பிள்ளை சுமக்கவே தைத்த தன் அங்கியின் முதுகுப் பையிலிருந்து குழந்தையை எடுத்து, என் அங்கியின் முதுகுப் பையில் அவளே இறக்கிவிட்டாள். கழுத்துப் பக்கம் வெதுவெதுவென்று மூச்சு. "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தும்மல் தும்மினாள்.

"பார், வந்ததும் வராததுமா உன்னைத் திட்டுறா" என்றான் ஜேப்பிட்டி. மூக்கு நுனி குளிரில் வெந்து உரிந்திருந்தது அவனுக்கு. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 3, பாண்ட் இன்லெட்

லீட்டியா தினமும் கூப்பிடுகிறாள். இன்று போனைக் குழந்தையின் காதில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது.