சத்தியக் கடதாசியில் எழுதாதது

வெள்ளவத்தை,
18.10.2025

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வார்சோவில் குளிர் தொடங்கிவிட்டதாக சுபோதினி சொன்னாள். காதை மூடுகிற தொப்பி ஒன்று வாங்கு. மனைவி சொன்னால்தான் வாங்குவேன் என்று நிற்காதே. இங்கே நான்கு நாளாக மழை. காலி வீதியில் பஸ் நகரவில்லை. என் பிரஷர் பற்றி யோசிக்காதே, நேரத்துக்குக் குளிசை தராமல் சுபோதினி விடுவதில்லை.

நீ கேட்ட சத்தியக் கடதாசி இதோடு இருக்கிறது. நீ பிறந்தது உக்ரைனிலுள்ள கார்கிவ் நகரில் என்றும், உன் பாஸ்போர்ட்டில் ரஷ்யா என்று வந்தது என் தவறு என்றும் அதில் இருக்கிறது. உக்ரைன் தூதரகத்தில் கொடு. விசா தந்தால் அன்றைக்கே ரயில் ஏறு. கார்கிவில் உன் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண் நீ கொடுத்த நம்பருக்கு நேற்றும் போன் எடுத்தாள். இருதயம் தளர்ந்துவிட்டதாம், இரண்டு மூன்று கிழமைதான் என்று டொக்டர் சொன்னாராம். அவள் உக்ரைன் மொழியில் பேசினாள். விளங்காமல், ரஷ்ய மொழியில் சொல்லும்படி கேட்டேன். எங்கள் மேல் குண்டு போடுகிறவர்களின் மொழி என்று முணுமுணுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

கடதாசி எழுதியது சட்டத்தரணி பலீல். "நம்மட ஆக்களுக்கு அந்தப் பக்கம் எல்லாமே ரஷ்யாதானே அண்ணன், கை தவறி எழுதினதெண்டு போடுவோம்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். கார்கிவில் ஆறு வருடம் படித்த நான் இந்த ஒழுங்கையில் இன்றைக்கும் ரஷ்யாவில் படித்த ஜீவராஜ்தான். போடுங்கள் என்று கையெழுத்து வைத்துவிட்டேன்.

அது பொய், மகன். கை தவறவில்லை.

1991 ஆடியில் ஸ்கொலர்ஷிப் முடிந்து, இரண்டு வயதுப் பிள்ளையான உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தன் தாய்க்குச் சுகமில்லை என்று உன் அம்மா லரீசா அங்கேயே நின்றுவிட்டாள். தை மாதம் வருவதாக ஏற்பாடு. மார்கழியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டுக்கு நாடு இல்லை. மாசியில் கடிதம் வந்தது. நாங்கள் வாக்களித்து எங்களுக்கென்று ஒரு நாடு வந்துவிட்டது, பிள்ளையோடு இங்கே வந்துவிடு, உனக்கு வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

உன் தாத்தா இராமர் ஹட்டன் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தேயிலைக்கு மருந்தடித்து, நாடற்றவராகவே செத்தார். அவர் போன பிறகு அரசாங்கக் கச்சேரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கி மனுக் கொடுத்து நான் எடுத்தது இந்த இலங்கைப் பிரஜாவுரிமை. அதை விட்டுவிட்டு, பிறந்து இரண்டு மாதமான நாட்டுக்கு வா என்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிழமை உன்னைப் பிரஜையாகப் பதியப் போனேன். சோவியத் யூனியன் என்று இப்போது நாடில்லை, வேறு பெயர் எழுதுங்கள் என்றார் கிளார்க். உக்ரைன் என்று எழுத மனம் வரவில்லை. அவளுடைய நாட்டை என் பிள்ளையின் பெயரோடு ஏன் எழுத வேண்டும் என்ற வீம்பு. ரஷ்யா என்று எழுதினேன். ரஷ்ய எழுத்திலிருந்த உன் பிறப்புச் சான்றிதழை வாசிக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது. தாளில் நாடு இல்லாமல் ஒரு மனுசன் படும் பாட்டை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். நானே அதை உனக்குச் செய்தேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. பிறகு வந்த மூன்றுக்கும் போடவில்லை. வீடு மாறியபோது விலாசம் கொடுக்கவில்லை. உன்னிடம், அம்மா வரவில்லை என்று மட்டும் சொன்னேன். எங்களை அவள் கூப்பிட்டதைச் சொல்லவேயில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளே உன்னை பேஸ்புக்கில் தேடிப் பிடித்தபோதாவது சொல்லியிருக்கலாம். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன்.

முந்தாநாள் சாப்பிடும்போது சுபோதினி சொன்னாள்: "மாமா, அவர் அம்மாட்ட நேரில ஒரு கேள்விதான் கேக்கோணுமாம், ஏன் வரேல்லை எண்டு." போனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன்.

மகன், அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டுவிடாதே. அது என்னிடம் கேட்க வேண்டியது. திரும்பி வந்து, எப்படி வேண்டுமானாலும் ஏசிக் கேள். நான் இருந்து கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இருக்கிற கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னை மகனே என்று கூப்பிட விடு.

அவள் கண் திறந்திருக்கும்போதே நீ போய்ச் சேர முருகன் வழி விடட்டும்.

உன் அப்பா,
ஜீவராஜ்