பையில் இருப்பதாகச் சொல்லப்பட்டது

நாள் 402. 18:40
செம்மேடு நிலையம், செவ்வாய். பதிவு எழுதுவது செண்பகவல்லி, உணவும் பயிரும். நிலையத்தில் இருப்பது இரண்டு பேர். மற்றவர் கார்மேகம், துளைப்பானுக்குப் பொறியாளர்.

காற்றழுத்தம் சரி. நீர் இருப்பு 2,110 லிட்டர். பயிரறையில் இன்று அறுத்தவை: சிறுகீரை 340 கிராம், தக்காளி ஒன்பது, பச்சை மிளகாய் பதினொன்று.

கீரை கடைந்து, ரசம் வைத்தேன். கழுவி, நறுக்கி, சமைத்து, பாத்திரம் துலக்கி முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம். கார்மேகம் ரசத்தை இரண்டு தம்ளர் குடித்தார். கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். பிறகு ஒரு பிரியாணிப் பையைக் கிழித்து வெந்நீர் ஊற்றி, மூன்றாவது நிமிடத்தில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அருப்புக்கோட்டைக்காரர், வயது ஐம்பத்தொன்று. பத்து மணி நேரம் பாறையோடு மல்லுக்கட்டி வருகிறவரின் பசி என் அடுப்புக்காகக் காத்திருக்காது. எனக்கு வருத்தமில்லை. கிடங்கில் அந்தப் பைகள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எங்களுக்கு வெகு முன்பே சரக்குக் கலத்தில் வந்து இறங்கியவை.

நாள் 409. 14:15
பூமியிலிருந்து குரல் செய்தி. அனுப்பியது பர்வதவர்த்தினி, தரைநிலையத்தில் உணவுப் பிரிவின் தலைவர்.

"செண்பா, பயிரறை விளக்கெல்லாம் அணைச்சிடலாம்னு முடிவு. அந்தக் கரண்ட் துளைப்பானுக்கு வேணுமாம். பையில எல்லாச் சத்தும் இருக்கு. ஆனா உணவுப் பொறுப்பாளர் ஒப்புதல் இல்லாம மூட முடியாது. நீ சரின்னு பதிவு பண்ணிடு."

பைகளுக்கு நாலரை வயதாகிறது, வைட்டமின் சி நாளாக ஆகக் குறையும், சத்து மாத்திரைகளும் பத்தாம் மாதமே தீர்ந்துவிட்டன, பை மட்டும் போதுமா என்று கேட்டனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது.

"அதே வருஷத்துப் பைய போன மாசம் என் கையாலயே டெஸ்ட் பண்ணேன். உனக்குப் போய் நான் தப்பா சொல்லுவேனா?"

இதைக் கண்டெடுக்கும் உங்களுக்கு அவளைத் தெரியாது. கல்லூரி விடுதியில் நாலு வருடம் ஒரே அறை. என் மணவாழ்க்கை முறிந்தபோது பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்து என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டவள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சாப்பிட மட்டும் வைத்தாள். அவள் சொன்ன பிறகு நான் எந்த அறிக்கையையும் கேட்கவில்லை.

கார்மேகத்திடம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிதாம்மா" என்றார்.

14:05க்கு ஒப்புதல் பதிந்தேன்.

நாள் 411. 10:05
பயிரறை விளக்குகள் பூமியிலிருந்தே அணைக்கப்பட்டன. விசையும் இனி அவர்கள் பூட்டில். கடைசி அறுவடை 1.1 கிலோ. விதைகளை உலர்பெட்டியில் மூடி வைத்தேன். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். என்ன செய்வதென்று தெரியாமல் கிடங்கை ஒழுங்குபடுத்தினேன்.

நாள் 483. 07:30
பல் துலக்கும்போது ரத்தம். மூன்றாவது நாளாக. கார்மேகத்துக்கு ஈறு வீங்கியிருக்கிறது; கெண்டைக்காலில் கடுகு தெளித்தது போல் சிவப்புப் புள்ளிகள். மாடிப்படி நான்கு ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். தரை மருத்துவருக்கு எழுதினேன். காற்று வறட்சி என்று பதில். நீர் கூடுதலாகக் குடிக்க வேண்டுமாம்.

நாள் 490. 16:20
கார்மேகத்தின் இடது முன்கையில் ஒரு பழைய தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில் லேத் பட்டறையில் பட்டது. இன்று காலை அது தானாகப் பிளந்திருக்கிறது. கட்டுப் போடும்போது, "இது எப்பவோ ஆறிப்போன காயம்மா. இப்ப ஏன் தொறக்குது?" என்று கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். பழைய தழும்பு திறக்கும் நோய் ஒன்றுதான். பாய்மரக் கப்பல் காலத்தில் வைட்டமின் சி கிடைக்காமல் வந்த நோய்.

பன்னிரண்டு பைகளைப் பிரித்து, சோதனைத் தாள்களால் வைட்டமின் சி அளந்தேன். உறையில் அச்சிட்டிருப்பது 45 மில்லிகிராம். கிடைத்தது 3, 2, 3, 0, 2, 0. மற்ற ஆறும் அப்படியே. ஆய்வகத்தில் மிஞ்சியிருந்த இரண்டு சொட்டு வைட்டமின் சி கரைசலில் தாளைத் தோய்த்துப் பார்த்தேன். தாள் சரியாகத்தான் காட்டுகிறது.

அளவுகளை அனுப்பி, விளக்குப் பூட்டைத் திறக்கக் கேட்டிருக்கிறேன்.

நாள் 493. 09:00
மூன்று நாள் கழித்துப் பதில். எழுத்தில், பெயரில்லாமல். சோதனைத் தாள்கள் காலாவதி. உறையில் உள்ள அளவே செல்லும். மின்சாரம் துளைப்பானுக்குத் தேவை. விளக்கு தர இயலாது.

துளைப்பான் ஒன்பது நாளாக ஓடவில்லை. ஓட்டுகிறவரால் நிற்க முடியவில்லை. அது அவர்கள் திரையில் தெரியும்.

நாள் 497. 11:50
தனிவழியில் வர்த்தினியின் குரல். தனிவழிச் செய்தி சேமிப்பில் தங்காது, ஒரு முறைதான் கேட்கும். நினைவு மாறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

"செண்பா, இத நான் சொன்னதா இருக்க வேணாம். பையில சத்து இல்லன்னு எங்களுக்குத் தெரியும். நீ ஒப்புதல் போடுறதுக்கு முன்னாடியே தெரியும். எத்தன நாள் தாங்கும்கிறதுதான் தெரியல. அடுத்த கப்பல்ல இருபத்திரண்டு பேர் வர்றாங்க. அவங்களுக்கும் இதே பைதான், மாத்த நேரமில்ல. நாள் கணக்கு கையில இருந்தா ஏதாவது பண்ணலாம். கேட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட. இன்னும் பதினெட்டு நாள் பொறுத்துக்க. அப்புறம் விளக்கப் போட்ருவோம்."

குரல் நடுங்கவில்லை. இடையில் கோப்பையில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. டீ கலக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

நாள் 498. 08:10
கார்மேகத்திடம் எல்லாம் சொன்னேன். ஒப்புதல் பதிந்தது என் கை என்பதையும் சொன்னேன்.

"எனக்குச் செஞ்சா சரி, நான் யாரோ. உங்களுக்கு எப்படிம்மா செஞ்சாங்க?"

அவ்வளவுதான் கேட்டார். என்மேல் ஒரு சொல் பழி இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

உலர்பெட்டியில் பச்சைப் பயறு 1.4 கிலோ. விதைக்கு வைத்தது. முளைகட்ட விளக்கு வேண்டாம், ஈரத்துணி போதும். முளையில் சத்து வரும். இது பைகளை அளந்த அன்றே தோன்றியிருக்க வேண்டும். கால் கிலோ ஊற வைத்தேன்.

நாள் 500. 12:00
முளை கண்விட்டிருக்கிறது, அரிசி அளவு. இன்னும் ஒரு நாளாவது வேண்டும். கார்மேகத்துக்கு மூச்சு வாங்குகிறது. முழங்கால்கள் கறுத்துவிட்டன. தொட்டால் கத்துகிறார். தொடாமல் துடைக்க முடியவில்லை.

நாள் 501. 17:15
முளைகட்டிய பயறை வேக வைக்காமல் உப்புப் போட்டு அரைத்து, கரண்டியால் கொடுத்தேன். அவர் பல் இரண்டு ஆடுகின்றன, மெல்ல முடியாது. நாலு கரண்டி உள்ளே போயிற்று. பச்சை வாடை என்றார். நாளைக்குத் தாளித்துத் தருவீர்களா என்று கேட்டார். சரி என்றேன். தாளிக்கக் கூடாது, சூட்டில் சத்து போய்விடும் என்று அவரிடம் சொல்லவில்லை.

நாள் 502. 06:20
கார்மேகம் இறந்துவிட்டார். எழுந்து உட்கார முயன்றார், நெஞ்சைப் பிடித்தார், சாய்ந்தார்.

கிண்ணத்தில் இன்னும் ஆறு கரண்டி இருந்தது. நான் சாப்பிட்டேன். சாப்பிட வேண்டும் என்று தெரிந்ததால் சாப்பிட்டேன்.

பூமிக்கு ஒரே வரி அனுப்பினேன்: உங்கள் கணக்கு, தொண்ணூற்றொரு நாள்.

நாள் 505. 15:40
அவருடைய துளைப்பானால் அவருக்குக் குழி தோண்டினேன். இயக்கத் தெரியாமல் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உள்ளே வந்ததும் பூமியிலிருந்து விளக்குகளை ஆளும் கம்பியைத் தேடி வெட்டினேன். துளைப்பான் மின்சாரத்தைப் பயிரறைக்கு இழுத்தேன். விளக்கு எரிந்தது. எச்சரிக்கைச் செய்தி பதினான்கு வந்தது. ஒன்றையும் திறக்கவில்லை.

நாள் 519. 13:00
பயறுதான் என்னை நடமாட வைத்திருக்கிறது. ஈறில் ரத்தம் நின்றுவிட்டது.

இருபத்திரண்டு பேரோடு கப்பல் இன்று காலை புறப்பட்டது. புறப்பட்ட பிறகுதான் அவர்களோடு நேர்வழி திறக்கும். பத்து நாளுக்குள் என்றால் அவர்கள் பூமிக்குத் திரும்ப முடியும். அதன் பிறகு எரிபொருள் போதாது.

எல்லாவற்றையும் அனுப்பினேன். பன்னிரண்டு பைகளின் அளவு, கார்மேகத்தின் காயப் படங்கள், நாள் வரிசை. வர்த்தினி தனிவழியில் சொன்னதை எழுதி அனுப்பினேன். குரலை வைத்திருந்தால் அதையும் அனுப்பியிருப்பேன்.

நாள் 521. 10:25
கப்பலிலிருந்து பதில்.

"வணக்கம்க்கா. நான் அருள்விழி, கப்பல்ல உணவுப் பொறுப்பு. நீங்க அனுப்பினத எல்லாரும் பார்த்தோம். கார்மேகம் சார் துளைப்பான் விபத்துல போனதுலேர்ந்து உங்க மனசு சரியில்லன்னு வர்த்தினி மேடம் நாங்க கெளம்புறதுக்கு முன்னாடியே சொன்னாங்க. சொல்லும்போது அழுதுட்டாங்க. இப்படி ஒரு சேதி வரும், கோவப்படாமப் பேசுங்கன்னும் சொன்னாங்க. நீங்க தனியா இல்லக்கா. நாங்க வர்றோம். வேளாவேளைக்குப் பைய எடுத்துச் சாப்பிடுங்க."

நல்ல பெண். குரலில் அவ்வளவு கனிவு.

கப்பலில் சோதனைத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். ஏற்றவில்லையாம். விதை ஏதாவது? எடை கருதி இறக்கிவிட்டார்களாம். கப்பல் தலைவரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் ஓய்வில் இருப்பதாகச் சொன்னாள்.

நாள் 525. 09:45
ஆறு முறை அனுப்பிவிட்டேன். கெஞ்சினேன். திட்டினேன். அது தப்பு. திட்டத் திட்ட அவர்களுக்கு நான் பைத்தியம் என்பது உறுதியாகிறது. இப்போது என்னிடம் அருள்விழி மட்டுமே பேசுகிறாள், குழந்தையிடம் பேசுவது போல.

வர்த்தினி அழுதாளாம். என் பக்கத்தில் படுத்திருந்த அந்தப் பன்னிரண்டு நாளையும் இப்போது எங்கே வைப்பது?

நாள் 529. 11:00
திரும்பும் கெடு முடிந்தது. கப்பல் திரும்பவில்லை. இங்கே வந்து சேர இன்னும் 204 நாள்.

அருள்விழி குரல் அனுப்பியிருந்தாள். "இன்னிக்கு மதியம் எலுமிச்சைச் சாதம்க்கா. பையப் பிரிச்சதும் மணம் தூக்குது. புளிப்புக்கூட அப்படியே இருக்கு."

நான் இனி வாதாடவில்லை. தினமும் கண்ணாடியில் உன் ஈறைப் பார், எனக்காகப் பார் என்று மட்டும் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "சரிக்கா, உங்களுக்காகப் பார்க்கிறேன்" என்றாள்.

பயிரறையில் கீரை விதைத்தேன். தக்காளி நாற்று நாற்பது. மேசையில் புதிய ஏடு ஒன்று போட்டு, இருபத்திரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கப்பலின் நாள் 10. ரத்தம் இல்லை.