விபூதிப் பொட்டலம்

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுறதுக்கு மன்னிச்சுக்கோ. பையன் இப்பதான் அழுது தூங்கினான்.

அவரு கஞ்சா பிடிக்கிறவருதான், மறைக்கல. சுனாமியில மாமியார் போனதுலேருந்து தூக்கமே கிடையாது. நிறுத்துறதுக்கு மருந்து வாங்க, மறுநாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருந்தோம். அதுக்குள்ள போலீஸ் வந்துட்டாங்க.

"பொட்டலம் எங்கடா?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. இவரு வெகுளியா, "சாமி மாடத்துல இருக்கு சார்"னாரு. நீ சிதம்பரத்துலேருந்து கொண்டாந்து கொடுத்த விபூதியைச் சொன்னாரு. இன்ஸ்பெக்டர் பிரிச்சுப் பார்த்துட்டு, "எனக்கே பட்டை நாமம் சாத்துறியா?"ன்னு லத்தியால வாயிலயே அடிச்சாரு. பல்லு தெறிச்சு அந்த விபூதியிலயே விழுந்துச்சு. தரையில தள்ளி, முட்டி உடையற வரைக்கும் மிதிச்சாங்க. பையன் என் இடுப்புல இருந்தபடி எல்லாத்தையும் பார்த்தான்.

கூட வந்த ஏட்டு வேற யாருமில்ல, உன் வீட்டுக்காரரு, நம்ம மாமாதான். உன்கிட்ட சொன்னாரா தெரியல. உன்கூட கோயிலுக்கு வந்து அந்தப் பொட்டலத்தை மடிச்சதே அவருதானே? கதவோரம் நின்னாரு, வாயைத் திறக்கல.

இப்போ எங்க வீட்டுல ரெண்டு கிலோ எடுத்ததா எழுதியிருக்காங்க. பத்து வருஷம் வரைக்கும் போகலாம்னு வக்கீல் சொல்றாரு. வைத்தியம் பார்க்க வேண்டியவரை வியாபாரி ஆக்கிட்டாங்க. ஜெயில்ல அவருக்குக் கஞ்சிகூட இறங்கல.

மாமாவுக்கு வேலை போயிடும்னு நீ பயப்படுவே. எனக்கும் புரியுது. ஆனாலும் வீட்டுல எதுவும் எடுக்கலைன்னு சொல்ல அவரை விட்டா வேற ஆளில்ல.

கோர்ட்டுல சொல்லுவாரா, மாட்டாரா? கேட்டு, சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கச்சி