கடைசி அலசலில் ஒரு மூடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பூசணிக்குட்டியும் சுகம்தானே என்று எப்போதும் கேட்பேன், இந்தத் தடவை கேட்க வாய் வரவில்லை. குழந்தை சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை என்னவோ வேறு எங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று, இப்போது அடியில் சொட்டுகிறது, குழாய்க்காரரைக் கேட்டால் புதுக் குழாய் கொஞ்ச நாள் பழகணும்மா என்கிறார், குழாய்க்குக்கூடப் பழக்கம் வேண்டுமாம். மாடி வீட்டுப் பழைய பஸ் டிரைவர் தினமும் படியில் நிறுத்தி, பேத்தி எப்படி இருக்கா என்று விசாரிக்கிறார், நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறேன்.

நீ ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு பட்டியல் அனுப்பினாயே, பிளாஸ்டிக் டயப்பர் வேண்டாம், பவுடர் வேண்டாம், வாசனை சோப்பு வேண்டாம், பழைய பருத்தித் துணி போதும், வெறும் தண்ணீர், வெயில், அவ்வளவுதான் என்று. உன்னையெல்லாம் அப்படித்தானேடி வளர்த்தேன், அதற்கு ஒரு பட்டியலா என்று உன்னைக் கேலி செய்தேன். அப்புறம் பீரோவைத் திறந்து உன் அப்பாவின் சட்டைகளை எடுத்தேன். பன்னிரண்டு சட்டை, எல்லாம் பருத்தி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனவை. அவர் போன பிறகு யாருக்கும் கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தேன், பேத்திக்கு என்றதும் கத்தரிக்கோல் தயங்கவே இல்லை. ஓரம் மடித்துக் கையாலேயே தைத்தேன். ஆனால் உன் அப்பா வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் கணக்கெடுத்த மனிதர், பாக்கெட்டில் பேனா எப்போதும் கசியும், முன்பக்கத் துண்டு எல்லாவற்றிலும் மைக்கறை. கறையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்ற கை, நேரே வெளுப்புத் தண்ணீர் கேனுக்குப் போய்விட்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்த நெடி போக வேண்டும் என்று கடைசி அலசலில் துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் ஒரு மூடி ஊற்றினேன். உன் பட்டியல் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வந்தது. ஒரு மூடிதானே, தாத்தா சட்டை பேத்திக்கு மணக்கட்டுமே என்று நினைத்தேன்.

நான் அனுப்பிய துணி வந்த ஒரு வாரத்தில் குழந்தைக்குத் தொடை முழுக்கச் சிவந்துவிட்டது என்று போன் செய்தாய். எதுல தொவைச்சம்மா என்று கேட்டாய். பின்னால் மாப்பிள்ளை, அவங்களுக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம் விடாது என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் சொன்னது உண்மை, அதனால்தான் சுட்டது. வெறும் தண்ணியும் வெயிலுந்தாண்டி என்று சொல்லிவிட்டேன். நீ நம்பிவிட்டாய். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, உன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாய். முதலில் நீ குடிக்கிற பாலை விட்டாய், பிறகு முட்டை, மீன், கடலை, இப்போது வெறும் சோறும் வெந்த காயும். போன வாரம் வீடியோவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எல்லாம் என் பாலுதாம்மா, எம் புள்ளைக்கு நானே ஆகல, திங்கக்கிழமைலேர்ந்து டப்பாப் பால்தான் என்று அழுதாய். அதைக் கேட்டுக்கொண்டு, உங்க ஊர்ல மழையா என்று கேட்டவள் நான். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் மழையைத்தான் கேட்டேன்.

உன் பாலில் ஒரு குறையும் இல்லை. அந்தத் திரவம் எண்ணெய் மாதிரி நூலில் ஒட்டிக்கொள்ளும், நீ சோப்பே போடாமல் வெறும் தண்ணீரில் அலசுவதால் போகவே இல்லை, குழந்தை நனைக்கும்போதெல்லாம் ஊறி வெளியே வருகிறது. பிரசவ வார்டுத் துணிக்கு இதை ஊற்றக் கூடாது என்று எங்கள் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தச் சுவருக்குக் கீழேதான் என் தொட்டி. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடு, கொதிக்கவைத்துப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதே, அப்பா சட்டையாயிற்றே என்றும் பார்க்காதே. டாக்டரிடமும் நான் செய்ததை மறைக்காமல் சொல். இனி என் கையால் எதையும் உன் வீட்டுக்குள் விட மாட்டாய் என்று தெரியும். அடுத்த மாதம் வர டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் வரவில்லை, எந்த முகத்தோடு வந்து அந்தக் குழந்தையைத் தூக்குவது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு மாதமாக என் உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறேன், அந்த வாசனைதான் வருகிறது.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். என் வாழ்த்து இனி பலிக்குமோ என்னவோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை. முட்டை சாப்பிடு, மீன் சாப்பிடு, குழந்தைக்குக் கொடுக்கிற உன் பாலை மட்டும் நிறுத்திவிடாதே.

தேதி போடலாம் என்று காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இது உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும், நான்கு நாளும் குழந்தை அந்தத் துணியில்தான் கிடக்கும். இங்கேயும் நான் எனக்குச் சுலபமானதைத்தான் தேடியிருக்கிறேன். இதோ போனை எடுக்கிறேன், பேச்சு மறுபடி வேறு எங்கோ சுற்றினால் இந்தத் தாளைப் பார்த்தே படித்துவிடுகிறேன். மழையைக் கேட்க மாட்டேன். நீ எடுத்ததும், குழந்தை இடுப்பில் இருக்கிற துணியை முதலில் அவிழ் என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அம்மா