பெல்ட் வண்டி

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

மணல்மேட்டில் ஓட்ட நாங்கள் வாடகைக்கு விடும் வண்டிகளில் கியர் கிடையாது, எஞ்சினிலிருந்து சக்கரத்தை இழுப்பதெல்லாம் ரப்பர் பெல்ட்தான். ஏற்றத்தில் கியர் வண்டியைத் தப்பாக ஓட்டினால் வண்டி திணறி நின்று ஓட்டுகிறவனுக்கே உறைக்கும். இதில் பெல்ட் கருகி, பழுது பார்க்கிற என் தலையில் விடிகிறது. கியர் வண்டி வாங்கச் சொன்னேன். "கியர் போடத் தெரிஞ்சவன் எவன்யா இங்க வர்றான்?" என்றார் முதலாளி. லாரி டிரைவர் மகனான நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனேன்.

நேற்று பெல்ட் மூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பார்க்கையில் பெல்ட் அறுந்து கையில் லேசாகப் பட்டது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று முதலாளி ஓடிவந்தார். புது பெல்ட்டை இடது கையாலேயே மாட்டிவிட்டேன்.

கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்

பி.கு.: கையெழுத்தை அம்மாவிடம் காட்டாமல் படித்துச் சொல்லுங்கள். இனி பொத்தான் வைத்த சட்டை அனுப்ப வேண்டாம்.