மூளைக்கு ரத்தம் ஓட்டும் மாத்திரை

என் பிரியமான மச்சானுக்கு,

நீங்கள் போய் நாலு மாசம் ஆகிறது. என் ஆத்திரம் மட்டும் போகவில்லை.

நேற்று அக்காவைச் சுள்ளிக்கல்லில் இருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வழியில் ஒரு சாயா. அந்தக் கடையில் இப்போது சர்க்கரையைத் தனியாகத்தான் தருகிறார்கள், அது வேறு கதை. அக்கா கையில் உங்கள் மாத்திரை அட்டை. பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின், ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்த்து விழுங்கினீர்களே, அதேதான். மறதி வருகிறது என்று அவளும் தொடங்கிவிட்டாள்.

"இதை யார் எழுதித் தந்தா?" என்றார் டாக்டரம்மா.

"அவருக்குப் பக்கவாதம் வந்தப்ப மட்டாஞ்சேரியில மருந்துக்கடை சேட்டன் தந்தாரு. குழாயை விரிச்சு மூளைக்கு ரத்தம் ஓட்டுமாம்."

"எந்தக் குழாயை? மூளையில அடிபட்ட இடத்துல அது ஏற்கெனவே முழுசா விரிஞ்சிருக்கும். மாத்திரை போட்டா நல்ல பக்கம் விரிஞ்சு, ரத்தம் அங்க போயிடலாம். பிரஷரும் இறங்கும். ரத்தமே போனாலும் செத்த இடம் ஆக்சிஜனை எடுத்துக்காது."

இது உங்களுக்குத் தெரியாததா மச்சான்? காலமெல்லாம் தெருத் தண்ணீருக்கு வால்வு திருப்பியவர் நீங்கள். பஜார் பக்கம் அகலத் திறந்தால் நம் சந்துக்குச் சொட்டு வராது. சொந்தத் தலைக்கு மட்டும் கணக்கு வேறா?

"அதனாலதான் அவர் போனாரா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. நீங்க நிறுத்துங்க."

நேராக அந்த மருந்துக்கடைக்குப் போனேன். "எல்லாரும் வாங்கறாங்க அண்ணாச்சி. இதுவரை ஒருத்தரும் ஒரு குறை, ஒரு பராதி சொல்லலியே" என்றான் சேட்டன்.

"சொல்ல வேண்டியவரு செத்துட்டாரு."

பக்கத்தில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். அவன் அடுத்த ஆளுக்கு அதே அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

அக்காவும் நிறுத்தவில்லை. இன்று காலையிலும் ஒன்று போட்டாள். "உன் மச்சான் கடைசி வரைக்கும் சாப்பிட்டாரே. ஒத்துக்கலேன்னா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாரா?" என்கிறாள்.

சொன்னீர்களே மச்சான். கடைசி நாள் காலையில் எழுந்ததும், "தலை சுத்துதுடா, இன்னைக்கு வேணாம்" என்றீர்கள். "சுத்தறதுக்குத்தானே மாத்திரை" என்று நான்தான் உங்கள் வாயில் போட்டேன். அக்கா அப்போது அடுக்களையில் இருந்தாள். மத்தியானம் நீங்கள் விழுந்தீர்கள்.

இன்று அவள் அடுத்த மாத்திரையைப் பிரிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவேன். அப்புறம் அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

உங்கள் வாயில் அதைப் போட்ட,
உங்கள் மச்சினன்