மாலை போட்ட படம்

மாதா துணை

பொன்மலை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் ஆன்சிக்கு அம்மா அமலராணி எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரை போடுகிறேன், அந்த அளவுக்கு நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் என் பேத்தி சபீனாவும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு சித்ராதேவியிடம் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என்னம்மா சொன்னீங்க சபீனாகிட்ட, ஓப்பாவுக்குப் பிறந்தநாள் அட்டை வரைஞ்சுக்கிட்டிருக்காளே என்று நேற்று கேட்டிருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை ஆன்சி, சொல்ல அவள் பாஷையில் எனக்கு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து வாங்கிய ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கலர் பல்பும் போட்டிருந்தோம். வீடியோவில் கூப்பிட்டு, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விட்டாய். ஓப்பா எங்கே என்று கேட்டாள், தாத்தாவைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நெட்டில் எடுத்து, வார்த்தையைத் தமிழெழுத்தில் போட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்துத்தானே ரொட்டி, மழை, சப்பாத்து என்று அறுபத்திரண்டு ஜெர்மன் வார்த்தை படித்தேன், அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். அப்பாதான் தினமும் கேள்வி கேட்பார். ஓப்பா என்று தொப்பி போட்ட வெள்ளைக்காரர் படம் வந்த அன்று, யாருடி இவன், என் இடத்துல உக்காந்திருக்கான் என்று சிரித்தார். போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்கு மட்டும் நீ படம் அனுப்பவில்லை, அனுப்பியிருக்கவும் முடியாது.

அதனால் போனைத் திருப்பி அப்பா படத்தைக் காட்டினேன். நம் தெருவில் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட அது போதும். அவள் பூவையும் மெழுகுவர்த்தியையும் பார்த்துக் கை தட்டினாள். பிறந்தநாள் பாட்டை முழுக்கப் பாடிவிட்டு, கூகன், கூகன் என்று கேட்டாள். கேக் என்று அந்த வார்த்தையும் எனக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் பாவம். கேக் உண்டா என்கிறாள் என்று புரிந்து, ஆமாம் என்பதற்கு அவள் சொல்கிற மாதிரி யா என்று தலையாட்டிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன செய்வேன்.

எட்டாம் மாசம், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் தடுத்ததால் அப்பா முகத்தை நீ பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயப்படுகிறாய், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் அவள் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஓப்பாவைக் கூப்பிடு என்று வரும் ஞாயிறு என்னிடம் கேட்பாள். இன்னொரு தடவை யா சொல்ல என்னால் ஆகாது. அதற்குள் அவளை மடியில் வைத்துக்கொண்டு நீயே சொல்லிவிடு. அழுதால் அழட்டும், நீயும் சேர்ந்து அழு. அட்டையைக் கிழித்துவிடாதே, எனக்கு அனுப்பு.

மாப்பிள்ளை ஜூடுக்கு என் ஆசீர். பிரசவம் சுகமாக நடக்க, மாதா உங்கள் நாலு பேர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும். மறக்காதே, அவளிடம் எந்த வார்த்தையால் சொன்னாயோ அதைத் தமிழெழுத்தில் எனக்கு எழுதி அனுப்பு. படம் தேட வேண்டாம்.

உன் அம்மா,
ஆ. அமலராணி